தாராபாய் மோடக் அம்மையார்

அங்கன்வாடி என்னும் சொல்லை அறியாத ஏழைக் குடும்பம் இன்று இந்தியாவில் அரிது. கருவுற்ற பெண் தன் பெயரைப் பதியும் இடமும் அதுவே. குழந்தைக்குச் சத்துமாவு பெறும் இடமும் அதுவே. தாய் கூலிவேலைக்குப் புறப்படுமுன் பிள்ளையைக் கொண்டு சேர்க்கும் இடமும் அதுவே. தமிழ்ச் சொல்லேபோல நம் நாவில் பழகிவிட்ட இது மராத்தி நாட்டிலிருந்து வந்ததாகும். அங்கண் என்பது வீட்டு முற்றம். வாடி என்பது தோட்டம். கல்விச்சாலையானது முற்றத்தைத் தேடிக்கொண்டு வரவேண்டிய அவசியம் எதனால் நேர்ந்தது என்பதையும், அவ்வாறு வந்தபோது அங்கே கற்பிக்கத் தகுந்த ஆசிரியர் எவ்வாறு உருவாக்கப்பட்டனர் என்பதையும் அறிய விரும்புவோர் தாராபாய் மோடக் அம்மையாரின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

அம்மையார் 1892ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் பம்பாய் நகரில் பிறந்தார். தந்தையார் சதாசிவராவ் கேல்கர் பிரார்த்தனை சமாஜத்தைச் சார்ந்தவர். கைம்பெண்ணாயிருந்த உமாபாயை மணந்துகொண்டவர். விதவையை மணந்தோரை ஜாதியார் விலக்கிவைத்த காலம் அது. ஆகவே ஊரார் கொள்கை வேறு, வீட்டார் கொள்கை வேறு என்னும் நிலையைக் குழந்தைப் பருவத்திலேயே அம்மையார் கண்டு வளர்ந்தார் என்று கொள்ளலாம். பெண்கள் பட்டம் பெறுவது அரிதாயிருந்த அந்நாளில், 1914ஆம் ஆண்டில் பம்பாய்ச் சர்வகலாசாலையின் பி.ஏ. பட்டம் பெற்றார். அமராவதியில் வக்கீலாயிருந்த மோடக் என்பாரை மணந்தார். அவ்வாழ்க்கை நிலைக்கவில்லை. 1921ஆம் ஆண்டில் கணவரைப் பிரிந்து, தம் பெண்குழந்தையுடன் தனியே வாழத் துணிந்தார். இதனைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. பிறர் தயவில் வாழ ஒருப்படாத ஒரு பெண் வேலை தேடிப் புறப்பட்டார் என்பது போதும்.

அவருக்குக் கிடைத்த வேலை உயர்ந்ததே. ராஜ்கோட் நகரில் பார்ட்டன் பெண் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி என்று ஒன்று இருந்தது. அதன் தலைமைப் பதவி அவருக்கு அளிக்கப்பட்டது. நல்ல சம்பளம், சமூகத்தில் மதிப்பு யாவும் அதில் இருந்தன. அக்காலத்துப் பயிற்சிக் கல்லூரிகள் எவ்வகையில் நடந்தன என்பதை நம்மில் முதியோர் அறிவர். பாடக்குறிப்பு எழுதுவது எப்படி, கரும்பலகையை எத்தனை பகுதியாகப் பிரிப்பது, இன்ஸ்பெக்டர் வரும் நாளில் வகுப்பை எப்படி அடக்கிவைப்பது என்பவற்றில் மாணவ ஆசிரியர்கள் நன்கு தேர்ச்சி பெற்றனர். எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளை யார், அது காலையில் உண்டதா, அதன் வீட்டில் எம்மொழி பேசுகிறார்கள் என்பன பாடத்திட்டத்தில் இடம்பெறவில்லை. கற்பிக்கும் முறை முன்னரே முடிவு செய்யப்பட்டிருந்தது. குழந்தை அதற்குள் அடங்கவேண்டியதே கடமை.

அவ்வேளையில் பாவநகரில் கிஜுபாய் பதேகா என்பார் செய்துவந்த முயற்சிகள் அம்மையாரின் செவிக்கு எட்டின. கிஜுபாயும் வக்கீலாயிருந்தவரே. தம் மகனை எப்படி வளர்ப்பது என்று ஆராயப் புகுந்து, மரியா மாண்டிசோரி அம்மையாரின் நூல்களைக் கற்று, வக்கீல் தொழிலைத் துறந்தவர். 1920ஆம் ஆண்டில் தட்சிணாமூர்த்தி நிலையத்தில் பாலமந்திர் என்னும் குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே பிரம்பு இல்லை, பரிசும் இல்லை. தாராபாய் அம்மையார் 1923ஆம் ஆண்டில் ராஜ்கோட் பதவியை உதறிவிட்டுப் பாவநகரம் சேர்ந்தார். தலைமையாசிரியையாய் இருந்தவர் மாணவியாய் மீண்டும் தரையில் அமர்ந்தார். பிறருக்குப் பயிற்சி அளிக்கும் பதவியில் இருப்போர் தமக்குப் பயிற்சி போதாது என்று ஒப்புவது இக்காலத்திலும் அரிது.

பாவநகரில் 1925ஆம் ஆண்டில் அத்யாபன் மந்திர் என்னும் ஆசிரியர் பயிற்சி நிலையமும் ஏற்பட்டது. அங்கு அளிக்கப்பட்ட பயிற்சியின் தன்மையைச் சற்று விரித்துரைத்தல் தகும். பிற்காலத்தில் அம்மையார் செய்தவற்றுக்கெல்லாம் அதுவே வித்தாயிற்று. மாண்டிசோரி முறையில் ஆசிரியர் முதலாவது கற்கவேண்டியது பேசாதிருத்தல். ஒரு மூலையில் அமர்ந்து ஒரு குழந்தையை நெடுநேரம் உற்று நோக்கவேண்டும். அது எதை எடுத்தது, எத்தனை முறை திரும்பச் செய்தது, எப்போது சலித்தது, எப்போது அழுதது என்பவற்றைக் குறித்துக்கொள்ளவேண்டும். உதவி செய்யக் கை துடித்தாலும் அடக்கிக்கொள்ளவேண்டும். பொத்தானை மாட்ட முடியாமல் திணறும் பிள்ளையின் பொத்தானை மாட்டிவிடுவது எளிது. அது தானே மாட்டும்வரை காத்திருப்பது அரிது. சினமும், தனக்கே எல்லாம் தெரியும் என்னும் செருக்கும் ஆசிரியத் தொழிலின் இரு பெரும் தடைகள் என்று அம்முறை கருதுகிறது. அவற்றைக் களைவதையே பயிற்சியின் முதற் பாடமாக வைத்தது. ஆசிரியரின் மனத்தைப் பண்படுத்துவதும் பயிற்சியில் அடங்கும் என்னும் இக்கருத்து நம் வாசகர்களுக்குப் புதிதாய்த் தோன்றாது.

ஆயினும் கிஜுபாயும் தாராபாயும் மாண்டிசோரி முறையை அப்படியே பின்பற்றினார்களில்லை. மாண்டிசோரி அம்மையார் சிறு குழந்தைகளுக்குக் கற்பனைக் கதைகள் வேண்டுவதில்லை என்னும் கருத்துடையவர். இவர்களோ நாட்டுக் கதைகளையும், பாட்டையும், கூத்தையும் வகுப்பின் நடுவிலே கொணர்ந்து வைத்தனர். 1926ஆம் ஆண்டில் நூதன் பால சிக்ஷண சங்கம் என்னும் அமைப்பை நிறுவினர். சிக்ஷண பத்ரிகா என்னும் சஞ்சிகை ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் இப்புதிய கல்வியை எடுத்துச் சென்றது. அம்மையார் அதில் இடைவிடாது எழுதினார். பயிற்சி முடிந்து ஊர் திரும்பிய ஆசிரியர் தனிமையில் பழைய வழக்கத்திற்கே சரிந்துவிடாமல் தாங்கி நிற்க இத்தகைய சஞ்சிகை ஒன்று வேண்டியிருந்தது. பயிற்சியை ஒரு வருடத்தில் கொடுத்து முடித்துவிடும் பண்டமாக அம்மையார் கருதவில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பின்னர் அம்மையார் பம்பாய் வந்தார். 1936ஆம் ஆண்டில் தாதர் பகுதியில் சிசு விஹார் தொடங்கியது. குழந்தைப் பள்ளியோடு ஆசிரியர் பயிற்சியும் நடந்தது. நற்பெயர் பரவியது. ஆனால் அங்கு வந்த பிள்ளைகள் யாவர்? பெரும்பாலும் படித்த நடுத்தரக் குடும்பத்தார் பிள்ளைகள். 1939ஆம் ஆண்டில் கிஜுபாய் காலமானார். அதே ஆண்டின் பிற்பகுதியில் மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து, ஓலைக் கொட்டகைகளில் சுமார் 300 பேருக்குப் பயிற்சி அளித்தார். யுத்தம் மூண்டபடியால் 1946 வரை இந்நாட்டிலேயே தங்கியிருந்தார். அவர் முறை இந்தியாவெங்கும் புகழடைந்தது. எனினும் ஒரு முரண்பாட்டைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. 1907ஆம் ஆண்டில் ரோமாபுரியின் சான் லோரென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பில், கூலிக்காரரின் பிள்ளைகளிடையே பிறந்தது அம்முறை. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் அது வளர வளர, மெருகிட்ட மரச் சாதனங்களை விலை கொடுத்து வாங்க வல்லவரின் உடைமையாயிற்று. ஏழைப் பிள்ளைக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட மருந்து செல்வர் வீட்டு அலமாரியில் பூட்டப்பட்டது. இன்றும் நம் நகரங்களில் மாண்டிசோரி என்னும் பெயர்ப்பலகையைக் கண்டால், கட்டணத்தை எண்ணி ஏழைத் தாய் விலகிச் செல்கிறாள்.

இக்குறையைத் தாராபாய் அம்மையார் தாமே உணர்ந்தார் என்பதிலேதான் அவர் பெருமை இருக்கிறது. காந்தியடிகள் 1937இல் வகுத்த ஆதாரக் கல்வித் திட்டத்தில் 7 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இடமில்லாதிருந்தது. 1945ஆம் ஆண்டு ஜனவரியில் சேவாகிராமத்தில் கூடிய மாநாட்டில் அப்பருவமும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. கிராமத்திலே, காசில்லாமல், குழந்தைக் கல்வியை நடத்திக் காட்டுவார் யார் என்னும் கேள்வி எழுந்தது. அவ்வாண்டிலேயே அம்மையார் நகரத்தை விட்டு, தாணா ஜில்லாவின் கடலோரக் கிராமமாகிய போர்டிக்குப் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 53. பலர் ஓய்வை நாடும் வயது அது.

போர்டியில் முதலில் நடந்தது தோல்வியே. ஊரின் நடுவில் பாலவாடி திறக்கப்பட்டது; உயர்ந்த ஜாதியார் வீட்டுக் குழந்தைகள் வந்தனர். ஊர்க்கோடியில் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பும், அதற்கப்பால் ஆதிவாசிகளின் குடிசைகளும் இருந்தன. அங்கிருந்து குழந்தைகள் வரவில்லை. கதவு எல்லாருக்கும் திறந்தே இருந்தது என்று சொல்லி நிர்வாகிகள் மனத்தை ஆற்றிக்கொண்டிருக்கலாம். திறந்த கதவின் வழியே நுழைய முடியாதபடி ஒரு குழந்தையைத் தடுப்பவை எவை என்பதை நம்மவர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உடுத்தத் துணி இல்லை. குளித்துச் சீவிவிடத் தாய் வீட்டில் இல்லை. அவள் விடியுமுன் வேலைக்குப் போய்விட்டாள். தம்பியை இடுப்பில் சுமக்கவேண்டும். இவையெல்லாம் இல்லையாயினும், அந்தத் தெருவின் வழியே நடந்து போகும்போது பிறர் பார்க்கும் பார்வை ஒன்று உண்டு. நான்கு வயதுக் குழந்தைக்கும் அது புரியும்.

அம்மையார் பள்ளியை எடுத்துக்கொண்டு அவர்கள் முற்றத்திற்குச் சென்றார். ஒரு குடிசையின் முன்னுள்ள வெளி, ஒரு மரநிழல், ஒரு தண்ணீர்க் குடம், ஒரு சீப்பு, பள்ளி தொடங்கிவிட்டது. ஆசிரியை காலையில் அங்கு சென்று குழந்தைகளைக் கூப்பிட்டு முகம் கழுவி, நகம் வெட்டி, தலை வாரிவிடுவாள். பிறகு முற்றத்தைப் பெருக்கி, அங்கேயே பாட்டு, கதை, விளையாட்டு. புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் கிளிஞ்சலும் எண்ணுவதற்கு. இலைகள் பெரிது சிறிது அறிவதற்கு. மண்ணும் மூங்கிலும் கைவேலைக்கு. மரச் சாதனங்களைக் கொண்டு மாண்டிசோரி அம்மையார் புலன்களுக்கு அளித்த பயிற்சியைச் செலவின்றிக் கிராமத்துப் பொருள்களாலேயே அளிக்கலாம் என்பது அங்கே நிரூபிக்கப்பட்டது. தாய்மார் வாசலில் நின்று பார்த்தனர். தங்கள் குழந்தையை வெளியார் ஒருவர் தொட்டுக் குளிப்பாட்டுவதை அவர்களிற் பலர் அதற்குமுன் கண்டதேயில்லை. அங்கன்வாடி பிறந்த கதை இதுவே.

இங்கே ஒன்று கூறுதல் கடமை. முற்றத்துக்குப் பள்ளி சென்றதனால் ஊர் நடுவிலிருந்த தீண்டாமை ஒழிந்துவிடவில்லை. சேரிப் பிள்ளைக்குச் சேரியிலேயே பள்ளி என்று நிறுத்திக்கொண்டால் அது பிரிவினையை நிலைநாட்டுவதாகவும் முடியலாம். அம்மையார் முற்றத்தை முதற்படியாகவே கொண்டார் என்பது அவருடைய பிற்காலப் பணியால் தெரிகிறது. பின்வந்தவர் எல்லாரும் அவ்வாறு கருதினர் என்று சொல்வதற்கில்லை.

முற்றத்தில் கற்பிக்க எவ்வகை ஆசிரியர் வேண்டும் என்பது அடுத்த பிரச்சினை. தாதரில் பயின்ற ஆசிரியைக்குச் சுவரும், அலமாரியும், மணியும், குறித்த நேரத்திற்கு வந்து சேரும் பிள்ளைகளும் இருந்தன. இங்கே இவற்றுள் ஒன்றுமில்லை. வயல் வேலை மிகுந்த பருவத்தில் குழந்தைகள் காணாமற் போவர். பசியோடு வந்த குழந்தை பாட்டில் மனம் வையாது. சொறி, கண்நோய், காய்ச்சல் வந்தால் ஆசிரியையைத்தான் தாய் முதலில் கேட்பாள். ஆகவே கிராமத்து ஆசிரியைக்கான பயிற்சியை அம்மையார் புதிதாக அமைக்க வேண்டியதாயிற்று. சுகாதாரம், சிறு நோய்களுக்கு முதலுதவி, கைக்கெட்டும் பொருளைக்கொண்டு சாதனம் செய்தல், வீடு வீடாகச் சென்று பெற்றோரோடு பேசுதல் ஆகியவை பாடங்களாயின. பாடத்தைக் கேட்டெழுதுவது குறைந்து, காலையில் முற்றத்தில் செய்ததை வைத்து ஆராய்வது மிகுந்தது. எந்தக் குழந்தை ஏன் வரவில்லை என்று கேட்டறிந்து வருவதும் ஆசிரியையின் வேலையே. இதனைத் தாழ்ந்த வேலை என்று எண்ணும் ஆசிரியர் அங்கு நிலைக்க முடியாது.

ஏழைகளின் பிள்ளைகளுக்கு அரைகுறையாய்ப் படித்தவர் போதும் என்பது அன்றும் இன்றும் பலருடைய மனத்தில் உள்ள எண்ணம். நகரப் பள்ளிக்குப் பட்டதாரி, கிராமப் பள்ளிக்குப் பத்தாம் வகுப்பு, சேரிக்கு எவரேனும் ஒருவர் என்னும் வரிசையை எவரும் எழுதி வைக்கவில்லை. நடைமுறையில் அவ்வாறே நடக்கிறது. தாராபாய் அம்மையார் அவ்வரிசையைத் தலைகீழாக்கினார். தம்மிடமிருந்த மிகச் சிறந்த கலையை, கால் நூற்றாண்டு பயின்று தேர்ந்த கலையை, மிகவும் வறிய குழந்தைகளின் ஆசிரியைகளுக்கே கொடுத்தார். குழந்தையின் வீட்டில் குறைபாடு மிகுந்தால் ஆசிரியரின் திறமையும் அவ்வளவுக்கு மிகுந்திருக்க வேண்டும் என்பது அவர் பணியிலிருந்து நாம் அறியும் கணக்கு.

இப்பயிற்சியின் ஆற்றலுக்கு ஓர் உயிருள்ள எடுத்துக்காட்டாக விளங்கியவர் அனுதாய் வாக் அம்மையார். 1910ஆம் ஆண்டில் புனா ஜில்லாவைச் சேர்ந்த மோர்கானில் பிறந்தவர். 13 வயதில் மணம் செய்விக்கப்பட்டு, ஆறு மாதங்களுக்குள் கைம்பெண்ணானவர். ஜாதி வழக்கப்படி மூலையில் முடங்கிவிடாமல் படித்து ஆசிரியையானார். 1945ஆம் ஆண்டில் பம்பாய்க்கருகில் போரிவலியில் கிராமசேவைக்காக நடந்த முகாமில் தாராபாய் அம்மையாரைச் சந்தித்தார். போர்டிக்கு உடன் சென்றார். அதன்பின் இருவரும் பிரியவில்லை. தாராபாய் சிந்திப்பவர், எழுதுபவர். அனுதாய் முற்றத்தில் இறங்கிச் செய்பவர். இவ்வாறு பிரித்துச் சொல்வது முற்றும் சரியாகாது. எனினும் கண்டோர் மனத்தில் நின்ற உருவம் அதுவே. முதலாமவரின் கருத்துகளை இரண்டாமவரின் கைகள் சோதித்துப் பார்த்தன. அனுதாய் பிற்காலத்தில் கோஸ்பாட் குன்றின் அனுபவங்களை நூலாக எழுதி வெளியிட்டார்.

1957ஆம் ஆண்டில் இவர்கள் போர்டியிலிருந்து கோஸ்பாட் குன்றுக்குக் குடிபெயர்ந்தனர். அதுவும் டஹாணு தாலுகாவைச் சேர்ந்ததே. 2014ஆம் ஆண்டு முதல் அப்பகுதி பால்கர் ஜில்லாவில் அடங்கியுள்ளது. அங்கு வாழ்வோர் வார்லி என்னும் ஆதிவாசிகள். இவர்கள் நிலை யாதாயிருந்தது என்பதை உணர்ந்தாலன்றி அங்குச் செய்யப்பட்ட பணியின் அருமை விளங்காது. மணம் முடிக்க ஜமீன்தாரிடம் கடன் வாங்கிய வார்லி இளைஞன், கடன் தீரும்வரை மனைவியோடு அவருக்கு அடிமையாக உழைக்கவேண்டும். கடனோ தீர்வதில்லை. 1945ஆம் ஆண்டில் கோதாவரி பருலேகர் அம்மையார் முதலியோர் தலைமையில் கிசான் சபை நடத்திய போராட்டத்தால்தான் அவ்வடிமை முறை உடைந்தது. தந்தையர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டுப் பன்னிரண்டே ஆண்டுகள் சென்றிருந்தன. அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளி என்பது ஜமீன்தாரின் கச்சேரியைப்போல அஞ்சத்தக்க இடமாகவே தோன்றியிருக்கும்.

பள்ளிக்கு வராததற்கு அச்சம் மட்டும் காரணமாயிருக்கவில்லை. ஏழு எட்டு வயதுப் பையன் மாடு மேய்க்கவேண்டும். அவ்வயதுப் பெண் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவேண்டும். இவ்விரு வேலையும் செய்யாவிடில் வீட்டில் அடுப்பு எரியாது. பிள்ளைகளை அனுப்பாத பெற்றோரைக் குறைகூறுவதை விடுத்து, கோஸ்பாட்டில் பள்ளியின் அமைப்பையே மாற்றினார்கள். கைக்குழந்தைகளுக்குத் தொட்டில் சாலை, அதற்கடுத்துப் பாலவாடி, அதற்கடுத்துத் தொடக்கப்பள்ளி, எல்லாம் ஒரே வளாகத்தில். அக்காள் தம்பியைத் தொட்டிலில் விட்டுவிட்டு வகுப்பில் அமரலாம். இதற்கு விகாஸ்வாடி என்று பெயர். மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக ஆசிரியர் மேய்ச்சல் நிலத்துக்கே போனார். அதனைக் குரண்சாலை, அதாவது புல்வெளிப் பள்ளி என்றழைத்தனர். பகலில் வர இயலாதோர்க்கு இரவுப் பள்ளி. சுற்றிலுமுள்ள மரம், நண்டு, பறவை, விதை, மழை இவையே பாடப்பொருள்.

மேய்ச்சல் நிலத்தில் கற்பிக்கும் ஆசிரியரைச் சற்று எண்ணிப் பாருங்கள். மாடு பிறர் வயலில் புகுந்தால் வகுப்பில் பாதி எழுந்து ஓடும். பாடக்குறிப்பு எழுதக் கற்றவர் அங்கே திகைத்து நிற்பார். ஓடிப் போன பிள்ளை திரும்பி வந்ததும், விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர வல்லவரே அங்கு ஆசிரியர். பிள்ளைகள் வீட்டில் பேசுவது வார்லி; பள்ளி மொழி மராத்தி. ஆசிரியர் முதலில் அவர்கள் சொற்களைக் கற்றாலன்றிக் கற்பிக்கத் தொடங்கவே முடியாது. மொழியறிந்த உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவது இதனால் இன்றியமையாததாயிற்று. வெளியூரிலிருந்து வரும் தியாகியைவிட, அவ்வூரிலேயே பிறந்து அவ்வூரிலேயே இருக்கப்போகும் பெண்ணுக்கு அளிக்கும் பயிற்சி நீடித்து நிற்கும் என்பது நம் கருத்தும் ஆகும். தாராபாயும் அனுதாயும் தங்கள் வாழ்நாளைக் கொடுத்தனர். ஆயினும் ஒவ்வொரு குன்றுக்கும் அத்தகைய இருவர் கிடைப்பார்கள் என்று நம்பி ஒரு நாட்டின் கல்வியை நடத்த இயலாது.

இந்திய அரசாங்கம் 1962ஆம் ஆண்டில் தாராபாய் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அம்மையார் காலமானார். மாண்டிசோரி அம்மையார் பிறந்த தேதியும் ஆகஸ்டு 31 என்பது தற்செயலான ஒற்றுமை. கோஸ்பாட்டில் அனுதாய் அம்மையார் பணியைத் தொடர்ந்து நடத்தி, 1992ஆம் ஆண்டில் மறைந்தார்.

தாராபாய் மறைந்த இரண்டாண்டுகளில், 1975 அக்டோபர் 2ஆம் நாள், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. அதன் கிராம நிலையங்களுக்கு அங்கன்வாடி என்று பெயரிட்டனர். இன்று நாடெங்கும் 13 லட்சத்துக்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. பெயரைப் பெற்றுக்கொண்டவர்கள் பயிற்சியை அதே அளவில் பெற்றுக்கொள்ளவில்லை. அங்கன்வாடிப் பணியாளர், அரசாங்க ஊழியர் என்று கருதப்படாமல், மதிப்பூதியம் பெறும் சேவகர் என்றே வைக்கப்பட்டனர். எடை பார்ப்பதும், பதிவேடு எழுதுவதும், உணவு பகிர்வதும் அவர்கள் நேரத்தை விழுங்கின. கற்பிக்கும் கலை பின்னுக்குப் போயிற்று. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பணியாளருக்கு 6 மாதச் சான்றிதழ்ப் பயிற்சியும், அதற்குக் குறைவாகப் படித்தோர்க்கு ஓராண்டுப் பட்டயப் பயிற்சியும் அளிக்கவேண்டும் என்று கூறியது. அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர்கள் குஜராத் மாநிலத்து அங்கன்வாடிப் பெண்கள். தாராபாய் அம்மையார் பெரிய பதவியைத் துறந்து மாணவியாய்த் தரையில் அமர்ந்த பாவநகரமும் அம்மாநிலத்தில்தான் இருக்கிறது.